சித்தப்பா வீட்டு முகவரி உதவுமா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தந்தை எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது:

“மகன் இந்த ஆண்டு பள்ளி முடிக்கிறான். எஸ்ஏடி நுழைவுத் தேர்வில் 1600க்கு 1550, கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் ஏபி பாடங்கள் பதினொன்று, எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க ஆசை. கலிபோர்னியாவின் பெர்க்லி, ஜார்ஜியா டெக், வட கரோலினாவின் சேப்பல் ஹில் ஆகிய மூன்று வெளி மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் மாநிலத்து ரட்கர்ஸ், இண்டியானாவின் பர்டியூ இரண்டில் கிடைத்திருக்கிறது. வட கரோலினாவில் கேரியில் இருக்கும் என் தம்பியின் மகனுக்கு எஸ்ஏடி 1430தான். அவனுக்குச் சேப்பல் ஹில் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து என் மகன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறான். ஒரே நாட்டில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்கு இரண்டு அளவுகோலா? மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளையாவது அடுத்த இரண்டு வருடம் என் தம்பி வீட்டில் தங்க வைத்து, அந்த முகவரியில் விண்ணப்பிக்கலாமா? நான் திருச்சி ஆர்இசியில் படித்தவன். படிப்பின் அருமை தெரியும் என்பதால் கேட்கிறேன்.”

அன்புள்ள ஐயா,

முகவரி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தத் தட்டு. ஒவ்வொரு வருடமும் மார்ச் கடைசியில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதைப் பற்றித்தான். பிள்ளை அறையை விட்டு வெளியே வருவதில்லை, உறவுக்காரப் பையனின் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான் என்பார்கள். உங்கள் பையன் இப்போது மனதுக்குள் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது: ‘என்னைவிட அவன் கெட்டிக்காரன் என்று சேப்பல் ஹில் சொல்லிவிட்டது.’ அந்தக் கணக்கு தப்பு. அது ஏன் தப்பு என்பதை நீங்கள்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும், ஆறுதலாகச் சொன்னால் கேட்க மாட்டான். அந்த வயதில் அவனுக்குத் தேவை விவரம்.

நீங்கள் திருச்சி ஆர்இசி என்று எழுதியிருப்பதால் அங்கிருந்தே தொடங்கலாம். உங்கள் காலத்தில் அங்கே பாதி இடம் தமிழ்நாட்டுக்கு, மீதிப் பாதி மற்ற மாநிலங்களுக்கு. பீகாரிலிருந்தோ ஆந்திராவிலிருந்தோ வந்து சேர்ந்த உங்கள் வகுப்புத் தோழர் வேறொரு வரிசையில் நின்று வந்தவர். அவருக்கும் உங்களுக்கும் கட்-ஆஃப் ஒன்றாக இருந்திருக்காது. அதற்காக உங்களில் ஒருவர் தாழ்ந்தவர் என்று யாரும் விடுதியில் பேசியிருக்க மாட்டார்கள். என்ஐடி ஆன பிறகும் அந்தப் பாதிக்குப் பாதி ஏற்பாடு தொடர்கிறது. அமெரிக்காவின் மாநிலப் பல்கலைக்கழகங்கள் செய்வதும் இதைத்தான். ஆனால் ஐம்பது மாநிலமும் ஐம்பது விதமாகச் செய்கின்றன. அங்கேதான் நம் பெற்றோருக்குக் குழப்பம் வருகிறது.

வட கரோலினாவை எடுத்துக்கொள்ளுங்கள். சேப்பல் ஹில் பல்கலைக்கழகம் 1789இல் சட்டத்தால் உருவாகி, 1795இல் வகுப்புகளைத் தொடங்கியது. அந்த மாநிலத்தின் அரசியலமைப்பிலேயே ஒரு பிரிவு இருக்கிறது: பல்கலைக்கழகத்தின் பயன்கள் முடிந்தவரை மாநில மக்களுக்குச் செலவில்லாமல் கிடைக்க வேண்டும் என்கிறது அது. அந்த எண்ணத்தின் தொடர்ச்சியாக 1986இல் ஒரு வரம்பு கொண்டுவந்தார்கள். முதலாண்டு மாணவர்களில் வெளி மாநிலத்தவர் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் கூடாது. தொடர்ந்து மீறினால் பல்கலைக்கழகத்தின் பட்ஜெட்டில் கை வைப்பார்கள். ஆனால் சேப்பல் ஹில்லுக்கு விண்ணப்பிப்பவர்களில் பெரும்பான்மையினர் வெளி மாநிலத்தவர். பெரிய கூட்டம் சின்ன வாசலில் நிற்கிறது, சின்னக் கூட்டம் பெரிய வாசலில் நிற்கிறது. உங்கள் மகனும் தம்பி மகனும் ஒருவரோடு ஒருவர் போட்டியிடவே இல்லை. உங்கள் மகன் போட்டியிட்டது டெக்சாஸ், வர்ஜீனியா, கலிபோர்னியா பிள்ளைகளோடு. தம்பி மகன் போட்டியிட்டது கேரியிலும் சார்லட்டிலும், ஏபி பாடமே சரியாக நடக்காத மலையோரக் கிராமப் பள்ளிகளிலும் படித்த பிள்ளைகளோடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருக்கும். உங்கள் பையனுக்கு மெக்கானிக்கல் வேண்டும் என்றால் சேப்பல் ஹில்லுக்கு ஏன் விண்ணப்பித்தான்? அங்கே மெக்கானிக்கல் இன்ஜினியரிங் துறையே கிடையாது. அந்த மாநிலத்தில் அதற்கான இடம் ராலேயில் இருக்கும் என்சி ஸ்டேட். உங்கள் தம்பி வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். கிடைத்திருந்தாலும் போயிருக்கக் கூடாத ஓர் இடத்துக்காக வீட்டில் துக்கம் காக்கிறீர்கள். இதை அவனிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

ஜார்ஜியா டெக்கில் துறை சரியான துறைதான், ஆனால் கதவு அங்கேயும் இரண்டு. இளநிலை மாணவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் ஜார்ஜியாக்காரர்கள். விண்ணப்பித்த ஜார்ஜியா மாணவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது, வெளியிலிருந்து விண்ணப்பித்தவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான். முன்கூட்டி விண்ணப்பிக்கும் சுற்றுகூட அவர்களுக்கு அக்டோபரில் தனி, உங்களுக்கு நவம்பரில் தனி. இதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் நம் வீடுகளில் எக்செல் ஷீட்டில் கல்லூரிப் பெயருக்கு எதிரே ‘சேர்க்கை சதவீதம்’ என்று ஒரே ஓர் எண்ணைத்தான் எழுதி வைக்கிறோம். அது உள்ளூரும் வெளியூரும் கலந்த சராசரி. உங்கள் மகனுக்கு அந்த எண் பொருந்தாது.

பெர்க்லி விஷயம் வேறு. 1550 என்ற எண்ணை அங்கே யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். பெர்க்லியை உள்ளடக்கிய கலிபோர்னியா பல்கலைக்கழகம் எஸ்ஏடி, ஏசிடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்களைச் சேர்க்கைக்கு எடுத்துக்கொள்வதை நிறுத்தி ஐந்தாண்டு ஆகிவிட்டது. பாடங்கள், மதிப்பெண்கள், 350 சொற்களுக்கு மிகாத நான்கு பதில்கள், பள்ளியில் என்ன வசதி இருந்தது, அதை வைத்து என்ன செய்தான் என்றுதான் படிக்கிறார்கள். குறைந்தபட்சத் தகுதியிலேயே வித்தியாசம் உண்டு: கலிபோர்னியா மாணவருக்குப் பள்ளி மதிப்பெண் சராசரியான ஜிபிஏ 3.0, வெளி மாநிலத்தவருக்கு 3.4. அதோடு 2017இல் வெளி மாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கு உச்சவரம்பு வந்தது. பெர்க்லிக்கு அது 24.4 சதவீதம். அதையும் படிப்படியாக 18க்குக் குறைக்க வேண்டும் என்று 2021 பட்ஜெட்டில் மாநில அரசு முடிவெடுத்து, அதனால் ஏற்படும் வருமான இழப்பை ஈடுகட்டப் பணமும் ஒதுக்கியது. அதாவது உங்கள் மகன் தட்டிய வருடங்களில் அந்தக் கதவு மூடிக்கொண்டே வந்தது.

இந்த வரம்பு எப்படி வந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் ‘இரண்டு அளவுகோல்’ கேள்விக்கு நேரான பதில் அதில்தான் இருக்கிறது, அதுவும் நீங்கள் நினைப்பதற்கு எதிர்த்திசையில். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு கலிபோர்னியா அரசு பல்கலைக்கழகத்துக்குத் தரும் பணத்தை வெட்டியது. ஓட்டையை அடைக்க, மூன்று மடங்கு கட்டணம் தரக்கூடிய வெளி மாநில மாணவர்களை அதிகமாகச் சேர்த்தார்கள். 2016 மார்ச்சில் மாநிலத் தணிக்கையாளர் ஓர் அறிக்கை வெளியிட்டார். மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 16,000 வெளி மாநில, வெளிநாட்டு மாணவர்கள், அதே வளாகத்தில் சேர்க்கப்பட்ட கலிபோர்னியா மாணவர்களின் நடுமதிப்புக்குக் கீழே எல்லா மதிப்பெண்ணும் இருந்தும் அனுமதி பெற்றார்கள் என்றது அறிக்கை. வெளி மாநிலத்தவர் உள்ளூர் மாணவர்களில் மேல்பாதிக்கு நிகராக இருக்க வேண்டும் என்ற பழைய விதியை 2011இல் தளர்த்தியிருந்தார்கள் என்பதும் அதில் வந்தது. பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஜேனட் நபாலிடானோ அறிக்கையைக் கடுமையாக மறுத்தார். அந்தக் கூடுதல் கட்டணம்தான் உள்ளூர்ப் பிள்ளைகளின் வகுப்பறையைத் தாங்குகிறது என்பது அவர்கள் வாதம். அதிலும் உண்மை உண்டு.

ஆனாலும் அன்று என்னிடம் வந்த கலிபோர்னியா பே ஏரியா பெற்றோரின் கோபத்தை நான் நியாயமானதாகவே பார்த்தேன். இருபது வருடம் அந்த மாநிலத்தில் வரி கட்டியவர்கள் அவர்கள். தங்கள் பிள்ளைக்குக் கிடைக்காத இடம், அதைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய வெளியூர்ப் பிள்ளைக்குப் பணத்துக்காகப் போகிறது என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? இப்போது நீங்கள் அதே கோபத்தை மறுபக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: மாநிலத்தின் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் அந்த மாநிலத்தின் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுப்பது சரி. வெளி மாநிலப் பிள்ளையின் தகுதியைக் குறைத்து, கட்டணத்தைக் கூட்டி வாங்குவதுதான் தவறு. உங்கள் மகனுக்கு நடந்தது முதல் வகை.

சரி, இப்போது சித்தப்பா வீடு.

செய்யாதீர்கள். முதல் காரணம், அது பலிக்காது. கட்டண விஷயத்தில் பெற்றோரைச் சார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறார்களோ அதுதான் பொதுவாக அவளுடைய மாநிலம். எங்கே தங்கிப் பள்ளிக்குப் போனாள் என்பது மட்டும் போதாது. வட கரோலினாவில் இதை முடிவு செய்ய எல்லாக் கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு மையச் சேவை இருக்கிறது. அதன் பன்னிரண்டு மாதக் குடியிருப்பு விதியில் உங்கள் வருமானவரிப் படிவமும் ஓட்டுநர் உரிமமும் பேசும், உங்கள் தம்பியின் மின்கட்டண ரசீது பேசாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் எனக்குத் தெரியாமல் இதைச் செய்துவிட்டு, பிறகு என்னிடம் வந்தது. பெண் இரண்டு வருடம் மாமா வீட்டில் இருந்தாள். அந்த மாநிலப் பள்ளி, அந்த மாநில நூலக அட்டை, மாமா பெயரில் வீட்டுப் பத்திரம், எல்லாம் ஒரு கோப்பில் அழகாக அடுக்கியிருந்தார்கள். பல்கலைக்கழகக் குடியிருப்பு அலுவலகம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: சென்ற ஆண்டு வரிப் படிவத்தில் இந்தப் பெண்ணைத் தன்னைச் சார்ந்தவர் என்று காட்டியது யார்? அப்பா காட்டியிருந்தார், வேறு மாநிலத்திலிருந்து. கோப்பு அதோடு மூடியது. முழு வெளி மாநிலக் கட்டணம். அந்த அம்மா என் எதிரே உட்கார்ந்து அந்தக் கோப்பின் பிளாஸ்டிக் உறைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பணத்தைவிட அவரை வருத்தியது வேறு. பதினைந்து, பதினாறு வயதில் மகளைப் பிரிந்திருந்த இரண்டு வருடம் திரும்பி வராது.

தம்பியைச் சட்டப்படி காப்பாளராக்கலாமே என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், நிறையப் பேர் கேட்கிறார்கள். 2019இல் சிகாகோ புறநகர்ப் பகுதியில் சில பெற்றோர், உதவித்தொகை வாங்குவதற்காகப் பிள்ளைகளின் காப்பாளர் பொறுப்பை உறவினருக்கும் நண்பருக்கும் மாற்றிக் கொடுத்தது பெரிய செய்தியானது. அதற்குப் பிறகு எந்த அலுவலகமும் இந்தக் காகிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை. விண்ணப்பத்தில் உண்மை எழுதியிருப்பதாகக் கையெழுத்துப் போடப்போவது உங்கள் மகள். பொய் என்று பிறகு தெரிந்தால், கொடுத்த இடத்தையே திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். அந்தப் பாரத்தை ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணின் தலையில் ஏற்றாதீர்கள்.

நிஜமாகவே குடும்பத்தோடு இடம்பெயர்ந்தால் கதை வேறு. வேலை மாறி, வீடு வாங்கி, வரி கட்டி, பன்னிரண்டு மாதம் இருந்தால் நீங்கள் அந்த மாநிலத்தவர்தான். உண்மையாகக் குடிவந்தவரை என்றைக்கும் வெளியூர்க்காரர் என்றே வைத்திருக்க முடியாது என்று 1973இல் கனெக்டிகட் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் ஒரு கல்லூரிக்காக வேலையை விட்டு ஊர் மாறுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

(எச்-1பி வேலை விசாவில் இருந்துகொண்டு, அதைச் சார்ந்த எச்-4 விசாவில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் எச்-1பி குடும்பமும் உள்மாநிலத்தவர் ஆக முடியும். ஆனால் பிள்ளைக்கு 21 வயதானதும் எச்-4 முடிந்துவிடும். பிறகு எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் கட்டணம் என்ன ஆகும் என்பதை, கல்லூரியில் சேருவதற்கு முன்பே அந்தந்தக் குடியிருப்பு அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.)

மகளுக்கு என்ன செய்யலாம்? பெயர்களிலிருந்து தொடங்காமல் மாநிலங்களிலிருந்து தொடங்குங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் முதலாண்டில் 90 சதவீதம் டெக்சாஸ் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதிலும் முக்கால்வாசி இடம், அந்தந்தப் பள்ளியில் முன்வரிசையில் வந்தவர்களுக்குத் தானாகவே போய்விடுகிறது. ஃபுளோரிடாவில் மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வெளியாருக்கு 10 சதவீத வரம்பு. இங்கெல்லாம் ஒரு விண்ணப்பம் போடலாம், மனதை வைக்கக் கூடாது. மறுபக்கம் பாருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆன் ஆர்பர் வளாகத்தில் இளநிலை மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். அங்கே சேருவது சுலபம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வரம்புச் சுவர் இல்லை. அலபாமா பல்கலைக்கழகத்தில் பாதிக்கு மேல் வெளி மாநிலத்தவர். இந்த ஜிபிஏவுக்கும் இந்த மதிப்பெண்ணுக்கும் இவ்வளவு கட்டணக் குறைப்பு என்று அவர்களே அட்டவணை போட்டு வெளியிடுகிறார்கள். நம் வீடுகளில் அலபாமா என்றாலே முகம் சுளிக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சுளிப்பதில்லை.

பட்டியல் போடும்போது ஒவ்வொரு கல்லூரியும் வெளியிடும் ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தைத் தேடி எடுங்கள். அதில் சி1 என்ற பகுதியில், பல கல்லூரிகள் இப்போது உள் மாநிலம், வெளி மாநிலம், வெளிநாடு என்று தனித்தனியாக எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று காட்டுகின்றன. வெளி மாநிலக் கணக்கை மட்டும் எடுத்து எக்செல்லில் எழுதுங்கள். அந்த ஒரு மாற்றத்தால் பாதிப் பட்டியல் இடம் மாறும். அப்புறம், மகள் எந்தத் துறை என்பது தெரிந்த பிறகு, அந்தத் துறை அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி ரட்கர்ஸா பர்டியூவா. உங்கள் கடிதத்தில் ரட்கர்ஸ் பற்றி எழுதிய வரி எனக்கு வருத்தமாக இருந்தது: “அது எங்கள் வீட்டுப் பக்கத்துக் கல்லூரிதானே.” 1766இல் தொடங்கிய கல்லூரி அது, அமெரிக்கா என்ற நாடே அப்போது இல்லை. நியூ ஜெர்சியில் வருடா வருடம் வெளியே போகும் பிள்ளைகள், உள்ளே வருபவர்களைவிட மிக அதிகம். அதனால் அருகில் இருப்பதன் மதிப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்கள் தம்பி மகனுக்குச் சேப்பல் ஹில் எப்படியோ, அப்படித்தான் உங்கள் மகனுக்கு ரட்கர்ஸ். அது உங்கள் வரிப்பணத்தில் நடப்பது. அங்கே அவனுக்குப் பெரிய வாசல் திறந்திருந்தது, அதன் வழியாக அவன் உள்ளே போயிருக்கிறான்.

அதே சமயம் மெக்கானிக்கலுக்குப் பர்டியூ மிக நல்ல இடம், அதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். நீல் ஆம்ஸ்ட்ராங் படித்த இடம். முதல் வருடம் எல்லோருக்கும் பொது இன்ஜினியரிங், பிறகுதான் துறை. 2012-13 அளவிலேயே கட்டணத்தை நிறுத்தி வைத்திருப்பதால், வெளி மாநிலத்தவருக்கும் கல்விக் கட்டணம் சுமார் 28,800 டாலர்தான். இன்ஜினியரிங் மாணவர்களுக்கு அதன் மேல் கொஞ்சம் தனிக் கட்டணம் உண்டு. ரட்கர்ஸில் உங்களுக்கு 20,000 டாலரை ஒட்டி ஆகும். நான்கு வருடத்தில் வித்தியாசம் 40,000 முதல் 50,000 டாலர் வரை. பெர்க்லி கிடைத்திருந்தால் விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கே 80,000ஐத் தாண்டியிருக்கும், குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் அந்தப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையும் வெளி மாநிலத்தவருக்குக் கிடைக்காது. இதையும் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

என் ஆலோசனை இது. அந்த 50,000 கையில் சேமிப்பாக இருக்கிறது, மகளின் படிப்புக்கு வைத்ததைத் தொட வேண்டாம் என்றால், பர்டியூ. கடன் வாங்க வேண்டும் என்றால் ரட்கர்ஸ். இரண்டு வருடத்தில் மகளும் கல்லூரிக்குப் போகிறாள், இரண்டு கட்டணம் ஒரே நேரத்தில் வரும் வருடங்கள் இருக்கின்றன. ஆனால் இந்த முடிவை நீங்கள் எடுத்து அவனிடம் அறிவிக்காதீர்கள். எண்களை ஒரு தாளில் எழுதி அவன் முன் வையுங்கள். சேர்க்கைக் கடிதத்தில் இருக்கும் உண்மையான தொகைகளை எழுதுங்கள், என் கணக்கு தோராயம்தான்.

மே 1க்குள் முன்பணம் கட்டியாக வேண்டும், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு பிஸ்கட்டவேயில் இருக்கும் ரட்கர்ஸ் இன்ஜினியரிங் வளாகத்துக்குப் போங்கள், அங்கே படிக்கும் இரண்டு பேரிடம் அவனே பேசட்டும். அடுத்த வாரம் முடிந்தால் இண்டியானாவுக்கும் ஒரு நடை. போகிற வழியில் காரில் அந்தப் பதினெட்டு சதவீதக் கதையைச் சொல்லுங்கள், உங்கள் ஆர்இசி கதையையும் சேர்த்து. தம்பி மகனுக்கு வாழ்த்துச் சொல்லி ஒரு போன் போடுவதை அவன் இஷ்டத்துக்கு விடுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். எதைத் தேர்ந்தெடுத்தான் என்று மே மாதம் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.